சங்கத்துக்கு முந்தைய சங்கம்: கடற்கரைக் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்து

சென்னை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனவர்கள் அங்கே இரண்டு விதமான குடியிருப்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று, வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து உருவாக்கிய நகர். இன்னொன்று, அடையாறு முகத்துவாரத்துப் பக்கம் இருக்கும் ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம். நகர்ப் பக்கம் குப்பை, தண்ணீர், பார்க்கிங் பிரச்சினைகளைக் கவனிக்க குடியிருப்போர் நலச் சங்கங்கள் உண்டு. 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு எண், லெட்டர்பேட், ரப்பர் ஸ்டாம்ப், ஆண்டுப் பொதுக்குழு எல்லாம் இருக்கும். குப்பத்துப் பக்கம் இருப்பது ஊர்ப் பஞ்சாயத்து. அதுக்கு பதிவு எண்ணும் கிடையாது, லெட்டர்பேடும் அவசியமில்லை. ஆனா ரெண்டுல எது பழசுன்னு கேட்டா, சந்தேகமே வேண்டாம், பஞ்சாயத்துதான்.

(இதை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஊராட்சியோடு குழப்பிக்க வேண்டாம். அது சட்டம் உண்டாக்கியது. நான் சொல்வது மீனவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருப்பது.)

கடலே இல்லாத மதுரையில், மாட்டுத்தாவணியில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுதணும்? காரணம் இருக்கு, கடைசியில் வருகிறேன்.

பஞ்சாயத்து என்ன செய்கிறது?

பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினம் தாண்டி வரை உள்ள சோழமண்டலக் கரையில் பெரும்பாலும் பட்டினவர் சமூகத்தின் குப்பங்கள். ஊருக்கு ஊர் நடைமுறை மாறும், ஆனால் அடிப்படை ஒன்றுதான். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. அந்தப் பணத்தில் கோவில் திருவிழா, பொதுச் செலவு, வழக்குச் செலவு. வலை அறுந்த தகராறு, கடன் தகராறு, குடும்பச் சண்டை எல்லாம் முதலில் பஞ்சாயத்தார் முன்னால் வரும். தப்பு செய்தால் அபராதம். கட்டுப்படாவிட்டால் ஊரை விட்டு விலக்கிவைப்பதும் உண்டு.

இதுவரைக்கும் எந்தக் கிராமத்திலும் பார்க்கக்கூடியதுதான். குப்பத்துப் பஞ்சாயத்தின் தனித்துவம், அதன் அதிகாரம் கரையோடு நிற்காமல் கடலுக்குள்ளும் போகிறது என்பது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க் இதைப் பல வருஷம் ஆராய்ந்து 2001-இல் ஒரு புத்தகமாகவே போட்டார். ஊருக்கு நேர் எதிரே இருக்கும் கடல் அந்த ஊரின் பொறுப்பு. வெளியூர்க்காரன் அங்கே வந்து மீன் பிடிக்கலாம், ஆனா அந்த ஊர் விதிக்குக் கட்டுப்படணும். ஒரு புது வலை வந்தால் பஞ்சாயத்து கேட்கும் கேள்விகளை அவர் மூன்றாகத் தொகுக்கிறார். இது மீன் வளத்தைக் கெடுக்குமா? பெரும்பாலானவர்கள் செய்யும் தொழிலைக் கெடுக்குமா? ஊர் ஒற்றுமையைக் கெடுக்குமா? ஆமாம் என்றால் தடை.

பழவேற்காடு ஏரியில் இதைவிட நுணுக்கமான ஏற்பாடு உண்டு. பேர் 'பாடு'. நல்ல மீன் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான், ஆள் நிறைய. அதனால் எந்த நாளில் எந்தக் குழு எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மூன்றுக்கும் பாட்டு உரிமை உண்டு. இன்று உனக்கு மோசமான இடம் என்றால் நாளைக்கு நல்ல இடம் வரும். எங்க தொழில்ல ரவுண்டு ராபின் என்று சொல்வோமே, அதேதான்.

ஹார்டின் சொன்னதும் ஆஸ்ட்ரம் பார்த்ததும்

1968-இல் காரட் ஹார்டின் ஒரு கட்டுரை எழுதினார். பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள், ஆகவே ஒன்று அரசு எடுத்துக்கொள்ளணும், இல்லை தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கணும் என்ற எண்ணம் அதிலிருந்துதான் பெரிதாகப் பரவியது. எலினோர் ஆஸ்ட்ரம் நேரே போய்ப் பார்த்தவர்களின் ஆய்வுகளைத் திரட்டி, அப்படி இல்லை என்று காட்டினார். துருக்கியின் அலான்யாவில் மீனவர்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்துக்கொண்டு, தினமும் ஒரு இடம் நகர்ந்துகொண்டே போவது அவர் 1990-இல் எழுதிய புத்தகத்தில் வரும் உதாரணம். நம்ம பாடு முறையின் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். 2009-இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த மீன்பிடிச் சட்டம், கரையோரக் கடலின் உரிமையை உள்ளூர் மீனவர் கூட்டுறவுகளுக்கே கொடுத்தது. வழக்கத்தில் இருந்ததைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள்.

இங்கே நடந்தது வேறு. இறால் ஏற்றுமதியை நம்பி விசைப்படகுகளை அரசே ஊக்குவித்தது. 1970-களில் கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுகளுக்கும் கடலில் அடிதடி. அதன் பிறகு 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்பது அப்போதைய விதி. விதி நல்ல விதிதான். ஆனால் அதை நடைமுறைப்படுத்துவது மீன்வளத் துறை. பஞ்சாயத்து என்ற சொல்லுக்கு அதில் இடம் இல்லை. சுருக்குமடி வலையும் அப்படித்தான். 2000-இல் அரசு தடை செய்தது. இருபது வருஷம் கழித்தும் சில ஊர்கள் தடை வேணும் என்றும் சில ஊர்கள் வேண்டாம் என்றும் மோதிக்கொண்டிருந்தன. ஒரு ஊருக்குள் தீர்க்கத் தெரிந்த அமைப்புக்கு, இவ்வளவு முதலீடு புகுந்த பிறகு பல ஊர்களுக்கு இடையே தீர்ப்பது கஷ்டம்.

சுனாமி காட்டியது

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் இறந்தார்கள். நிவாரணம் கொடுக்க வந்தவர்களுக்கு முதல் கேள்வி: இந்த ஊரில் யார் யார் இருந்தார்கள்? அந்தக் கணக்கு பஞ்சாயத்திடம் இருந்தது. தலைக்கட்டு வரி வாங்கும் பட்டியல்தான் அது. சட்டத்தின் கண்ணில் இல்லாத அமைப்பை அரசும் தொண்டு நிறுவனங்களும் தேடிப்போய், பல ஊர்களில் அதன் வழியாகவே பொருட்களைப் பிரித்துக் கொடுத்தன.

ஆனா அதே பட்டியல்தான் அதன் கோளாறையும் காட்டியது. தலைக்கட்டு என்றால் ஆண். கணவனை இழந்த பெண், தனியாக வாழும் பெண் ஆகியோர் பல இடங்களில் விடுபட்டார்கள். கடலுக்குப் போகாத, ஆனால் கடலை நம்பிப் பிழைத்த தலித் குடும்பங்கள் பல ஊர்களில் கணக்கிலேயே வரவில்லை. கரைக்கு வந்த மீனைக் காசாக்குவது பெரும்பாலும் பெண்கள், ஆனால் பஞ்சாயத்தில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. பாடு முறையிலும் பிற சாதியினருக்கு இடமில்லை என்ற மனக்குறை நீண்ட காலமாக உண்டு. பழமையானது என்பதாலேயே ஒன்றைப் போற்றிவிட முடியாது.

காலி இடம் என்று எழுதப்பட்ட கரை

2005 மார்ச்சில் தமிழக அரசு வெளியிட்ட 172-ஆம் எண் அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்தவர்களுக்கு ஒரு தேர்வு கொடுத்தது. உள்ளே தள்ளிப் போனால் புது வீடு, பழைய இடத்தை விட்டுக்கொடுக்கணும். போகாவிட்டால் அங்கேயே இருக்கலாம், உதவி கிடையாது. வீட்டை மட்டும் பார்த்தால் நியாயமாகத் தோன்றும். குப்பத்துக்காரர்களின் கவலை வீட்டோடு முடியவில்லை. படகு ஏற்றிவைக்கும் மணல், வலை காயப்போட்டுப் பின்னும் இடம், ஏலம் நடக்கும் இடம், கருவாடு உலர்த்தும் இடம் இவை யாருடையவை? வருவாய்த் துறைப் பதிவேட்டில் இதெல்லாம் பெரும்பாலும் புறம்போக்கு. வெறும் காலி இடம். மொத்த ஊரும் சேர்ந்து பயன்படுத்துவதால் தனி ஆள் பேரில் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் யாரும் பயன்படுத்தாதது போல ஆகிவிடுகிறது.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-இல் வந்தது. 2011-இல் வந்த அறிவிக்கை, மீனவர் குடியிருப்புகளையும் அவர்களின் பொது இடங்களையும் வரைபடத்தில் காட்டணும் என்றது. சென்னைக் குப்பங்களில் சிலர் ஜிபிஎஸ் கருவியோடு நடந்து தாங்களே வரைபடம் தயாரித்தது இந்தப் பின்னணியில்தான். கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் பக்கம் வரை கடலோரமாக மேம்பாலச் சாலை போடும் திட்டம் 2010 வாக்கில் பேசப்பட்டபோது குப்பத்து மீனவர்களும் நகர்க் குடியிருப்பாளர்களும் ஒரே பக்கம் நின்று எதிர்த்தார்கள். சாலை வரவில்லை. இரண்டு சங்கங்களுக்கும் கரை ஒன்றுதான் என்பது அப்போதாவது தெரிந்தது.

மதுரைக்கு வருவோம்

நம்ம பக்கத்துக் கடல், கண்மாய். இங்கேயும் மடையைத் திறக்க ஆள் இருந்தார், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச நீர்பாய்ச்சி இருந்தார், தூர்வார ஊரே இறங்கியது. இந்தக் குடிமராமத்தை 1858-இல் வெள்ளைக்காரன் கட்டாய உழைப்புச் சட்டமாக எழுதினான். உழைப்பை எழுதினான், உரிமையை எழுதவில்லை. பின்னாடி பெரிய கண்மாய்கள் பொதுப்பணித் துறைக்குப் போயின. ஊருக்கும் கண்மாய்க்கும் பேச்சுவார்த்தை முறிந்தது. மாட்டுத்தாவணியைச் சுற்றிப் பாருங்க. மாட்டுச் சந்தை போய் பேருந்து நிலையம் வந்தாச்சு. உயர் நீதிமன்றக் கிளை இருக்கும் உலகனேரிக்குப் பேரில் மட்டும் ஏரி இருக்கு. வண்டியூர்க் கண்மாயைச் சுற்றிலும் கட்டடம்.

கண்மாயில் நாம் பறிகொடுத்ததைக் கடற்கரையில் குப்பங்கள் இன்னும் கையில் வைத்திருக்கின்றன. பஞ்சாயத்துக்குப் பதிவு எண் கொடுப்பது பெரிய விஷயம் இல்லை. கரையின் மேல் ஊருக்கு இருக்கும் பொது உரிமையைப் பதிவேட்டில் எழுதணும். அப்படி எழுதும்போது 'ஊர்' என்றால் யார் என்பதையும் சேர்த்து எழுதணும், மீன் விற்கும் பெண்ணும் சேரியும் உள்பட. முதலாவதை அரசு செய்யணும். இரண்டாவதைப் பஞ்சாயத்து தானே செய்துகொண்டால், யாரும் வெளியிலிருந்து வந்து திருத்தும் வேலை இருக்காது.