புறம்போக்கு: ஒரு சொல்லின் கதை



போன மாசம் ஒரு டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் ஒருவர் தம் பேரனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "வேலைவெட்டி ஒண்ணும் பார்க்காம ஊரைச் சுத்திக்கிட்டு... பொறம்போக்கு!" பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து அதே பெரியவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "நம்ம ஏரிக்கு வர்ற ஓடையை ரெண்டு பக்கமும் நெருக்கிப்புட்டாங்க தம்பி. மழை பெஞ்சாலும் ஏரி நிரம்ப மாட்டேங்குது." அந்த ஓடை கணக்கிலே என்னவென்று இருக்கிறது தெரியுமா? புறம்போக்கு. பேரனை எந்தச் சொல்லால் ஏசினாரோ, அதே சொல்தான்.

நிலத்துச் சொல் நம் நாக்கில் ஏறுவது புதிதல்ல. வயலுக்குக் கரையாக நிற்கும் வரப்புக்கு இன்னொரு பெயர் வரம்பு. "வரம்பு மீறிப் பேசாதே" என்று பட்டணத்து ஆபீசில் ஒருவர் கோபித்துக்கொண்டாலும், அவர் வாயில் நிற்பது நம் வயல் வரப்புத்தான். மழையை நம்பி விதைப்பது மானாவாரி. கணக்கு வழக்கில்லாமல் காசை இறைப்பவனையும் "மானாவாரியா செலவு பண்றான்" என்கிறோம். (நிஜமான மானாவாரி விவசாயி அப்படி ஒரு நாள் செலவு பண்ணிவிட முடியுமா என்பது வேறு விஷயம்.) பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை விடாதவனைப் பார்த்து, "உன் பேருக்கா பட்டா போட்டிருக்கு?" என்று கேட்கிறோம். இந்தச் சொற்களெல்லாம் வயலை விட்டு வெளியே வந்தும் தம் பொருளைக் கையோடு கொண்டுவந்திருக்கின்றன. புறம்போக்கு ஒன்றுதான் தலைகீழாகப் போயிற்று.

புறம் என்றால் வெளி. புறம்போக்கு, வெளியே வைக்கப்பட்டது. எதற்கு வெளியே? ஊருக்கு வெளியே அல்ல. உதவாதென்று தூக்கி எறிந்ததும் அல்ல. வரிக்கு வெளியே! இந்த நிலம் எல்லாருக்கும் வேண்டியது, இதைத் தனி ஆளுக்கு எழுதிவைக்கக் கூடாது, இதன்மேல் தீர்வை போடக்கூடாது என்று ஒதுக்கி வைத்தது.

இந்த ஏற்பாடு வெள்ளைக்காரன் கொண்டுவந்ததோ என்று நினைக்காதீர்கள். 1010-இல் கட்டி முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். இராசராச சோழன் கோயிலுக்கு விட்ட ஊர்கள் ஒவ்வொன்றையும் வேலி, மா, காணி, முந்திரிகை என்று நுணுக்கமாக அளந்து எழுதியிருக்கிறார்கள். எழுதிவிட்டு, இதிலே இவ்வளவுக்கு வரி இல்லை என்று கழிக்கிறார்கள். கழிப்பது எதை? ஊர்நத்தம், குளம், ஊருக்கு ஊடே போகும் வாய்க்கால், சுடுகாடு, பறைச்சேரி, கம்மாளச்சேரி, கோயில்கள். குடியிருக்க, குடிக்க, பாய்ச்ச, எரிக்க, கும்பிட வேண்டிய இடங்கள். இவை இல்லாமல் ஓர் ஊர் ஊராக இருக்க முடியாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டிவிட்டார்கள். அங்கே அதற்குச் சொல் 'இறையிலி'. இறை என்றால் வரி.

பிறகு கும்பினிக்காரர்கள் வந்தார்கள். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் பக்கத்துப் பாராமகால் அவர்கள் கைக்கு வந்தது. அங்கே கர்னல் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் வயலுக்கு வயல் அளந்து, உழுகிறவர் பேரிலேயே தீர்வை போட்டார்கள். அதுதான் ரயத்துவாரி. மன்றோ 1820-இலிருந்து 1827 வரை சென்னை கவர்னராக இருந்தபோது அந்த முறை ராஜதானியில் வேரூன்றிவிட்டது. இந்தக் கணக்கிலே நஞ்சை, புஞ்சை என்றால் எதிரே ஒரு தொகை இருக்கும். புறம்போக்கு என்றால் தொகை கிடையாது. அளந்தவனுக்கு அது வருமானம் இல்லாத நிலம். ஊருக்கோ அதுதான் ஏரி, களம், மேய்ச்சல் தரை, வண்டிப்பாதை. கஜானாவுக்கு உதவாதது ஊருக்கும் உதவாதது என்று ஆனது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்புறம் என்ன, வேலையில்லாத பையன், சொந்த இடம் இல்லாத ஏழை எல்லாருக்கும் அதே பட்டம்.

புறம்போக்கையும் தரிசையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சர்க்கார் கணக்கில் 'தீர்வை ஏற்பட்ட தரிசு' என்று தனியே ஒன்று உண்டு. யாராவது சாகுபடிக்கு எடுத்தால் இவ்வளவு தீர்வை என்று அதற்கு முன்கூட்டியே கட்டிவைத்திருக்கும். அதைச் சாகுபடிக்குக் கொடுக்கலாம். நீர்வழிப் புறம்போக்கு அப்படியல்ல.

சொல் மலிந்தால் பொருளும் மலியும். "புறம்போக்குத்தானே!" என்று சொல்லிக்கொண்டே வேலியை ஒரு முழம் தள்ளிப் போடுகிறார்கள். அடுத்த வருஷம் இன்னொரு முழம். இதைத் தடுக்க 1905-இலேயே சட்டம் வந்தது. பி மெமோ என்கிறோமே, அது அந்தச் சட்டத்தில் வந்ததுதான். சிலர் அபராதம் கட்டிய ரசீதையே பட்டா மாதிரி பத்திரப்படுத்தி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்! ஏரிகளுக்கென்றே தமிழ்நாட்டில் 2007-இல் தனிச் சட்டம் போட்டார்கள்.

2011 ஜனவரி 28-இல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. வழக்கு பஞ்சாபில், பாட்டியாலா ஜில்லாவில் ஒரு கிராமத்துக் குளத்தைப் பற்றியது. குளத்தை மேடாக்கி வீடு கட்டிவிட்டார்கள். காலி செய்யத்தான் வேண்டும் என்றது கோர்ட். எல்லா மாநிலங்களும் ஊர்ப் பொது நிலத்தை மீட்கத் திட்டம் போட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இதில் நமக்கு என்ன என்கிறீர்களா? இப்படிப்பட்ட நிலத்துக்கு ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்களை அந்தத் தீர்ப்பில் அடுக்கியிருக்கிறார்கள். இங்கிலீஷ் எழுத்திலே நம் சொற்கள் அப்படியே நிற்கின்றன: மந்தைவெளி, புறம்போக்கு, களம்! சென்னையில் மயிலாப்பூருக்குப் பக்கத்தில் மந்தைவெளி என்று ஒரு பேட்டை இருக்கிறது. பெயரில் மந்தை இருக்கிறது. மேய ஒரு கைப்பிடிப் புல் இல்லை.

அந்தப் பெரியவரிடம் நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் 'அ' பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஊர் ஓடைக்கும் களத்துக்கும் என்ன சர்வே நம்பர், எவ்வளவு விஸ்தீரணம் என்று குறித்துக்கொள்ளுங்கள். புலப்படத்தில் அளவுகள் போட்டிருக்கும். நேரில் போய் ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் அடுத்த கிராம சபையில் எழுத்திலே கொடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாட்களில் சபை கூடும். அளக்கப் போகும்போது நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருக்கும். பேரனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.