சைக்ளோஸ்டைல் காலத்து மழலை

1962-ல் ஹார்வர்டில் ரோஜர் பிரவுன் என்ற உளவியலாளர் குழந்தைகளின் பேச்சைப் பதிவுசெய்யும் வேலையைத் தொடங்கினார். மூன்று குழந்தைகள், ஆடம், ஈவ், சாரா என்று புனைபெயர்கள். அவருடைய குழுவினர் டேப் ரிக்கார்டரோடு அந்த வீடுகளுக்குப் போவார்கள். குழந்தையும் அம்மாவும் பேசுவதை அப்படியே பதிவுசெய்து வந்து வரிவரியாக டைப் அடிப்பார்கள். ஈவின் குடும்பம் ஊர் மாறிப் போய்விட்டதால் அவளுடைய பேச்சு 18-ஆம் மாதத்திலிருந்து 27-ஆம் மாதம் வரைதான் கிடைத்தது.

அவர்கள் டைப் அடித்தது ஸ்டென்சில் தாளில். ஒரு காலத்தில் நம் கல்லூரிகளில் கேள்வித்தாள் உருட்டி எடுத்தோமே, அதே சைக்ளோஸ்டைல் முறைதான். ஒரு முறை அடித்தால் பல பிரதி எடுக்கலாம். தன் வேலைக்குப் போக மிஞ்சிய பிரதிகளைப் பிரவுன் மற்ற ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார். மொழி ஆய்வில் இன்று ‘திறந்த அறிவியல்’ என்று பேசுகிறோம். ஆய்வு மாணவர்களுக்கு அதன் வரலாற்றைச் சொல்லும்போது நான் அந்தப் பிரதிகளிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். சொந்த உழைப்பில் சேர்த்த மூலத் தரவை, தன் புத்தகம் வெளிவருமுன்பே பிறர் கையில் கொடுக்கப் பெரிய மனசு வேண்டும். பிரவுனின் புத்தகம் 1973-ல்தான் வந்தது.

அந்தத் தாள்களிலிருந்து வந்த ஒரு முடிவு மொழி ஆசிரியர்களை இன்றும் யோசிக்க வைக்கிறது. குழந்தை இலக்கணம் தப்பிப் பேசினால் அம்மா திருத்துகிறாரா? பிரவுனும் கேமில் ஹேன்லனும் 1970-ல் அதைத் தேடிப் பார்த்தார்கள். சொன்ன விஷயம் உண்மையா என்பதைத்தான் பெற்றோர் கவனித்தார்கள். விஷயம் சரியென்றால் வாக்கியம் கோணலாக இருந்தாலும் ‘ஆமாம்’ என்றார்கள். சிவப்பு மையே கதி என்று இருக்கும் நம் வகுப்பறைகளில் இதை விவாதிக்காமல் விடக்கூடாது.

ஆனால் சைக்ளோஸ்டைல் பிரதியில் ஒரு குறை இருந்தது. வாங்கிப் போனவர் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்துக்கொண்டு, ஓரத்தில் பென்சிலால் குறித்து, கட்டுரை எழுதுவார். அந்தக் குறிப்புகள் அவர் மேஜையிலேயே தங்கிவிடும். அடுத்தவர் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1984-ல் பிரையன் மக்வின்னியும் கேத்தரின் ஸ்னோவும் மக்ஆர்தர் அறக்கட்டளையின் நிதியோடு ‘சைல்ட்ஸ்’ என்ற பொதுத் தரவகத்தைத் தொடங்கினார்கள். மாசசூசெட்ஸின் கான்கார்ட் நகரில் இருபது ஆய்வாளர்கள் மூன்று நாள் உட்கார்ந்து அடிப்படை முறைகளைப் பேசி முடித்தார்கள். பிரவுனின் தாள்களும் கணினிக்குள் போயின. ஒரே வடிவத்தில் எழுதுவது என்று ஏற்பாடு. யார் பேசினாலும் வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, அடுத்து பேசுபவருக்கு மூன்றெழுத்து. அதன் கீழே விழுக்காட்டுக் குறியோடு தொடங்கும் வரி ஆய்வாளரின் பகுப்பாய்வுக்கு. காதில் விழுந்தும் புரியாத சொல்லுக்கு மூன்று எக்ஸ். எனக்கு மிகவும் பிடித்தது இந்த மூன்று எக்ஸ்தான். புரியாததை ஊகித்து நிரப்பாமல், புரியவில்லை என்று எல்லோர் முன்னிலும் எழுதிவைக்கும் நேர்மை அது. என் மாணவர்களுக்கு முதலில் பழக்குவதும் அதைத்தான்.

இதனால் என்ன மாறியது? 1992-ல் கேரி மார்கஸும் ஸ்டீவன் பிங்கர் உள்ளிட்ட கூட்டாளிகளும் இந்தத் தரவகத்திலிருந்து 83 குழந்தைகளின் 11,521 ஒழுங்கற்ற இறந்தகால வினைப் பயன்பாடுகளை எடுத்து எண்ணினார்கள். ‘வென்ட்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘கோ-எட்’ என்பது போன்ற பிழை எவ்வளவு? இடைநிலை மதிப்பு சுமார் 2.5 விழுக்காடு, மிக அரிது என்றார்கள். 2000-இல் மைக்கேல் மராட்சோஸ் மறுத்தார். அதிகம் புழங்காத வினைகளைத் தனியாகப் பார்த்தால் பிழை அவ்வளவு அரிதல்ல என்று அதே குழந்தைகளின் பேச்சை வைத்தே காட்டினார். இரு தரப்பும் ஒரே தரவை எண்ணிப் பார்த்து வாதாட முடிந்ததே, அதற்காகத்தான் இவ்வளவு பாடும். மறுத்தவரின் வழியில் யார் வேண்டுமானாலும் போய்ச் சரிபார்க்கலாம்.

அந்தத் தரவகத்தில் தமிழும் இருக்கிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் டிஃப்ராக் கணினியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஆர். நரசிம்மன், சென்னையில் பிறந்தவர். மனிதர் மொழியைக் கையாளும் விதத்திலும் அவருக்குத் தீராத ஆர்வம். அவரும் ஆர். வைத்தியநாதனும் சேர்ந்து ஒரு தமிழ்க் குழந்தையின் பேச்சை 9-ஆம் மாதத்திலிருந்து 33-ஆம் மாதம் வரை பதிவுசெய்தார்கள். தமிழ்க் குழந்தை கேள்வி கேட்கக் கற்பதையும், ‘இல்லை’, ‘வேண்டாம்’ என்று மறுக்கக் கற்பதையும் பற்றி வைத்தியநாதன் எழுதிய கட்டுரைகள் 1988-லும் 1991-லும் வெளிவந்தன. கட்டுரையோடு நிற்காமல் எழுத்துப்படியையும் உலகத்துக்குக் கொடுத்ததற்காக இந்த இருவர் மேலும் எனக்குத் தனி மரியாதை.

இரண்டாம் மொழி கற்பித்தல் ஆய்வில் இந்தப் பழக்கம் பிந்தித்தான் வந்தது. யார்க் பல்கலைக்கழகத்தின் எம்மா மார்ஸ்டன், ஜார்ஜ்டவுனின் அலிசன் மேக்கியோடு சேர்ந்து ‘ஐரிஸ்’ என்ற களஞ்சியத்தை உருவாக்கினார். தேர்வுத்தாள், கேள்விப்பட்டியல், படம் காட்டிப் பேசவைக்கும் பயிற்சி என ஆய்வுக்குப் பயன்பட்ட கருவிகள் அதில் கிடைக்கும். பிறகு ‘ஒயாசிஸ்’ வந்தது. ஆய்வுக்கட்டுரையை ஆசிரியர்கள் படிக்கும்படி ஒரு பக்கத்தில் எளிய நடையில் தரும் ஏற்பாடு.

நம் பக்கத்தில் எத்தனையோ துறைகளில், வாய்மொழித் தேர்வு முடிந்த கையோடு ஒலிப்பதிவுகள் பீரோவுக்குள் போய்விடுகின்றன. கேசட் பூஞ்சை பிடித்துப் போகும், பென்டிரைவ் திறக்காது. அதனால் என்னிடம் வரும் மாணவர்களிடம் பதிவு தொடங்குமுன்பே ஒப்புதல் படிவத்தைக் கேட்கிறேன். குழந்தையின் பெயரையும் ஊரையும் மாற்றிய பிறகு எழுத்துப்படியைப் பிற ஆய்வாளர்களுக்குத் தரலாமா என்ற கேள்வி அதில் தனி வரியாக இருக்க வேண்டும், பெற்றோர் பேசும் தமிழில். பல அம்மாக்கள் உடனே சம்மதிக்கிறார்கள். சிலர் எழுத்துக்குச் சரி, குரலுக்கு வேண்டாம் என்கிறார்கள். அதையும் அப்படியே எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்குகிறோம்.