சிவப்பு அட்டையும் கேள்வி நேரமும்

குளுவாங்கிலிருந்து மெர்சிங் நோக்கிக் கிழக்கே செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர் காஹாங். ஒரு காலத்தில் பால்மரங்களும் பின்னர்ச் செம்பனையுமாகத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வட்டாரத்தில், பழைய தோட்ட வீடு ஒன்றில் துருவேறிய தகரப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார் ஓர் அம்மையார். உள்ளே அவருடைய தந்தையாரின் அடையாள அட்டை இருந்தது. சிவப்பு அட்டை. குடியுரிமை பெற்றோர்க்கு நீல அட்டை. நிரந்தரமாகத் தங்கும் உரிமை மட்டும் பெற்றோர்க்குச் சிவப்பு. அந்த அட்டைக்குரியவர் 1970-ஆம் ஆண்டில் தமிழகத்துக்குக் கப்பலேறினார், திரும்பி வரவில்லை.

“அப்பாவுக்குப் பெர்மிட் கெடைக்கலன்னு சொன்னாங்க. ஏன்னு யாருமே கேக்கலையா ஐயா?” என்றார் அம்மையார்.

எளிய வினாதான். ஆயினும் அதற்கு விடை காண முயன்றபோது, அது நம் மக்களின் நூறாண்டு வரலாற்றினுள் என்னை இட்டுச் சென்றது. யார் கேட்டிருக்க வேண்டும்? எங்கே கேட்டிருக்க வேண்டும்? அன்று ஏன் கேட்க இயலாமற் போயிற்று? இம்மூன்றையும் ஈண்டு நோக்குவோம்.

அரசைக் கேள்வி கேட்கும் வழக்கம் மிகப் பழையது. இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்னும் கருத்தை வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் வைத்தார். ஆனால், இடித்துரைப்பது அமைச்சரின் அறமாக இருந்த நிலை மாறி, விடை சொல்வது அரசின் கடமையாக ஆனது நாடாளுமன்றத்தின் வளர்ச்சியால்தான். பிரிட்டனில் பதிவான முதல் நாடாளுமன்றக் கேள்வி 1721-ஆம் ஆண்டில் பிரபுக்கள் அவையில் எழுந்தது. தென்கடல் நிறுவனத்தின் பெரும் மோசடிக்குப் பின் நாட்டை விட்டோடிய அதன் தலைமைக் காசாளர் பிடிபட்டார் என்னும் செய்தி மெய்தானா என்று கௌப்பர் பிரபு கேட்டார். முதற் கேள்வியே ஒருவன் தப்பியதையும் பிடிபட்டதையும் பற்றியது என்பது கருதத்தக்கது. காவலும் எல்லையும் எங்கே தொடங்குகின்றனவோ, அங்கேயே கேள்வியும் தொடங்கிவிடுகிறது.

இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினர்கள் அரசிடம் கேள்வி கேட்கும் உரிமையை 1892-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. துணைக் கேள்வி கேட்கும் உரிமை 1909-இல் வந்தது. இவ்வுரிமை வந்த வேகத்திலேயே கடல் கடந்த தொழிலாளரின் துயரமும் அவைக்கு வந்தது. 1910 பிப்ரவரியில் கோபால கிருஷ்ண கோகலே, நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதைத் தடுக்க வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். வாக்கற்றவர்க்காக, அவர்கள் வாழும் நாட்டில் அல்லாது, அவர்கள் விட்டு வந்த நாட்டில் குரல் எழுந்தது. மலாயாத் தமிழர்க்கும் நெடுநாள் நிலைமை இதுவாகவே இருந்தது. 1938 ஜூனில் இந்திய அரசு, உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை மலாயாவுக்கு நிறுத்தியபோது, அந்த முடிவும் கடலுக்கு அப்பாலேயே எடுக்கப்பட்டது.

1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம் இந்நிலையின் கொடுமையைத் தெளிவாகக் காட்டியது. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, கள்ளுக்கடை மூடல், தோட்டத் துரையைக் கண்டதும் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கும் இழிவின் ஒழிப்பு ஆகியவை தொழிலாளர் வேண்டியவற்றுள் சில. ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றியவரும் கிள்ளான் இந்தியர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவருமான ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். போலீசுடன் படையும் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர் என்று வரலாறு கூறும். காவல், குடிநுழைவு, பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஒரே கையில் குவிந்து, கூலி கேட்டவன் மீது இறங்கின. ஆனால் கிள்ளானில் நடந்ததற்கு விடை சொல்லும் அவையொன்று மலாயாவில் இல்லை. சுடப்பட்டவருள் எவருக்கும் வாக்கு இல்லை.

போருக்குப் பின், 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. விசாரணையின்றித் தடுத்து வைத்தல், நாடு கடத்தல், துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்னும் கடும் விதிகள் வந்தன. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி, இந்திய அரசின் வேண்டுகோளையும் மீறி, 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நம் ஜொகூரில் ஆயுதம் ஏந்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு மரண தண்டனை பெற்ற சாம்பசிவம் என்னும் தமிழரோ, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்றமையால் 1950-இல் உயிர் தப்பினார். ஒரே காலம், ஒரே விதி. ஒருவர்க்குக் கயிறு, மற்றவர்க்கு விடுதலை. இடையில் நின்றது, மேலும் ஒருமுறை கேட்டுப் பார்க்கக் கிடைத்த கால அவகாசமே.

அக்காலத்து நாடாளுமன்றப் பதில் ஒன்று நாம் மறக்கலாகாதது. 1948 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில், ஆயுதமற்ற சீனத் தோட்டத் தொழிலாளர் 24 பேரை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றனர். 1949 ஜனவரி 26-ஆம் நாள் பிரிட்டிஷ் பொதுமக்கள் அவையில் இதுபற்றிய கேள்விக்குக் குடியேற்ற நாட்டு அமைச்சர் கிரீச் ஜோன்ஸ் பதிலளித்தார். தடுத்து வைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட முயன்றனர் என்பதும், படையினர் சுட்டிராவிடில் அவர்கள் தப்பியிருப்பர் என்பதும் அப்பதிலின் சாரம்.

அப்பதில் நிலைக்கவில்லை. 1970-இல் அப்படையைச் சேர்ந்த சிலர், தப்பியோடும் முயற்சி ஏதும் நடக்கவில்லை என்று பிரிட்டிஷ் செய்தித்தாளுக்கு வாக்குமூலம் தந்தனர். மாண்டவரின் பிள்ளைகள் தொடுத்த வழக்கு 2015-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பொது விசாரணை வேண்டுமென்ற அவர்களின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஆயினும் அன்று அமைச்சர் சொன்ன சொல், அவைப் பதிவில் அழியாமல் நின்று, அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னும் நீதிபதிகள் முன் எடுத்து வைக்கப்பட்டது. பொய்யான பதிலுக்கும் ஒரு பயன் உண்டு. இன்னார், இன்ன நாளில், இவ்வாறு சொன்னார் என்பது எழுத்தில் நின்றுவிடுகிறது. கேள்வியே எழாதிருந்தால் மறுப்பதற்குக்கூட ஒன்றும் இருந்திராது.

விடுதலை பெற்ற மலாயாவின் முதல் நாடாளுமன்றம் 1959-இல் கூடியது. அவ்வாண்டே தொழிற்சங்கவாதி வி. டேவிட் பங்சார் தொகுதியிலிருந்து மக்களவை சென்றார். மறு ஆண்டு, அவசரகாலம் முடிந்த மறுநாளே, 1960 ஆகஸ்டு முதல் நாள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விசாரணையில்லாத் தடுப்புக் காவல் வேறு பெயரில் தொடர்ந்தது. எனினும், கேட்பதற்கு இப்போது நமக்கு ஓர் அவை இருந்தது.

கேள்வியின் வலிமையை நாடறியச் செய்தவர் ஈப்போ வழக்கறிஞரும் மக்கள் முற்போக்குக் கட்சியின் தலைவருமான டி. ஆர். சீனிவாசகம். கல்வியமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது அவையில் ஊழல் குற்றச்சாட்டை எழுப்பினார் அவர். அவைக்கு வெளியே சொல்லிப் பார்க்கட்டும் என்று அறைகூவல் வந்தது. வெளியேயும் சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்து, 1965-இல் தோற்றுப் பதவி விலகினார். துப்பாக்கியும் இன்றி, கூட்டமும் இன்றி, ஒரு கேள்வி அமைச்சரைப் பதவியிலிருந்து இறக்கிய நிகழ்ச்சி அது.

அத்தகைய அவை இருந்தும் காஹாங் தந்தையார் ஏன் கப்பலேற நேர்ந்தது? இங்கேதான் நம் வினாவின் மையத்துக்கு வருகிறோம்.

1968-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்பது அதன் விதி. நேர்மையாகச் சொல்வதாயின், அச்சட்டத்தை இயற்றியது திறந்திருந்த நாடாளுமன்றமே. ஆனால் அதன் சுமை தோட்டப்புறத்தில் இறங்கியது அவை மூடியிருந்த காலத்தில். 1969 மே 10-ஆம் நாள் பொதுத் தேர்தல். 13-ஆம் நாள் கலவரம். 15-ஆம் நாள் அவசரநிலை. நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டு, துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் ஆட்சியை நடத்தியது. 1971 பிப்ரவரியில்தான் அவை மீண்டும் கூடியது. இடைப்பட்ட இருபத்தொரு மாதங்களில் கேள்வி நேரம் என்பதே இல்லை.

தோட்டத்து மக்களில் பலர் பிறப்புச் சான்று இல்லாமையாலும், மலாய் மொழித் தேர்வுக்கு அஞ்சியும், என்றேனும் ஊர் திரும்புவோம் என்னும் எண்ணத்தாலும், சொல்லித்தர ஆளின்மையாலும் குடியுரிமைக்கு மனுச் செய்யாமலே காலம் கடத்தியிருந்தனர். பெர்மிட் கிடைக்காதவர்க்கு வேலை இல்லை. வேலை போனால் லயத்து வீடும் இல்லை. கணவன் சிவப்பு அட்டை, பிள்ளைகள் நீல அட்டை என்று ஒரே அடுப்பின் முன் அமர்ந்தவர்கள் இரு நாட்டவராயினர். அவ்வாண்டுகளில் நாட்டை விட்டுச் சென்ற இந்தியர் ஏறத்தாழ 60,000 பேர் என வரலாற்றாசிரியர் பலர் கணக்கிடுவர். பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் சென்ற ‘ரஜூலா’ கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் கண்கலங்கும் முதியோர் உண்டு.

எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை மறுக்கப்பட்டன, முப்பதாண்டு பால்மரம் வெட்டியவர்க்குப் பதிலாக யார் அமர்த்தப்பட்டனர் என்று அமைச்சரை எழுப்பி நிறுத்திக் கேட்பதற்கு அன்று அவை இல்லை. தொழிற்சங்கம் பேசியது, கட்சிகள் மனுக்கொடுத்தன. ஆனால் மனுவுக்கு மௌனம் பதிலாகலாம். நாடாளுமன்றக் கேள்விக்கு மௌனம் பதிலாகாது.

இலங்கை மலையகத்தை இதனோடு ஒப்பிட்டுக் காண்பது நலம். அங்கே அவை மூடப்படவில்லை, கேட்பவரே அகற்றப்பட்டனர். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் எஸ். தொண்டமான் உள்ளிட்ட இலங்கை இந்தியன் காங்கிரஸார் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்து வந்த வாக்குரிமைச் சட்டமும் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கின. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவரும் இல்லை. பின்னர் 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். அங்கே அவையிருந்தும் ஆளில்லை. இங்கே ஆளிருந்தும் அவையில்லை. இரண்டின் முடிவும் கப்பலேறுதல்தான்.

மீண்டும் திறந்த மலேசிய நாடாளுமன்றம் பழைய அவை அன்று. 1971-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, குடியுரிமை உள்ளிட்ட சில பொருள்களைக் கேள்விக்குள்ளாக்கத் தடைசெய்யச் சட்டம் இயற்றலாம் என்றாயிற்று. உறுப்பினர்க்குரிய பாதுகாப்பும் அங்கே செல்லாது. ஆயினும் அத்திருத்தம் ஒரு வாயிலைத் திறந்தே வைத்தது. விதியைக் கேள்வி கேட்கலாகாது. அதன் நடைமுறையைக் கேட்கலாம். தோட்டத்து ஏழைக்கு வேண்டியதும் அதுவே. அவன் துயரம் விதிப் புத்தகத்தைவிட முகப்பில் அமர்ந்திருப்பவர் அதைப் பயன்படுத்தும் முறையிலேயே பெரிதும் பிறக்கிறது.

கேட்பவர் விலை கொடுத்தும் உள்ளனர். 1987-இல் ‘லாலாங்’ நடவடிக்கையின்போது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் லிம் கிட் சியாங், கர்ப்பால் சிங், வி. டேவிட், பி. பட்டு ஆகிய நாடாளுமன்ற உறுப்பினர்களும் இருந்தனர். எந்தச் சட்டத்தைக் கேள்வி கேட்டனரோ, அதுவே அவர்களைக் கமுண்டிங் முகாமுக்கு அனுப்பியது. அச்சட்டம் 2012-இல் நீங்கியது; அதனிடத்தில் 28 நாள் வரை தடுத்து வைக்க இடந்தரும் வேறொரு சட்டம் வந்தது. போலீஸ் படையை ஆராய்ந்த அரச ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளை வழங்கியது. 2009-இல் குகன் என்னும் இளைஞர் போலீஸ் காவலில் மாண்டபோது, நம் வீடுதோறும் அக்கேள்வி மீண்டும் எழுந்தது. தனித்த போலீஸ் நடத்தை ஆணையம் 2023 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது; அதுவும் தண்டிக்கும் அதிகாரமின்றிப் பரிந்துரைக்கும் அளவில். கேள்வி நடக்கிறது; விடை பின்னால் மெல்ல வருகிறது.

காஹாங் அம்மையார்க்கு நான் சொல்லக்கூடிய விடை இதுதான்: “கேட்கக் கூடியவர்கள் இருந்தார்கள் அம்மா, கேட்கும் இடம் அன்று பூட்டியிருந்தது.” இவ்விடை அவர் தந்தையாரைத் திருப்பித் தராது. ஆனால் அது நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. வாக்குடையவன் அடுத்த தேர்தலில் தன் வாக்கால் பேசிக்கொள்வான். சிவப்பு அட்டைக்காரனுக்கும், அட்டையே இல்லாதவனுக்கும், பூட்டிய அறையில் விசாரிக்கப்படுபவனுக்கும் அவையில் எழும் கேள்வியன்றி வேறு குரல் இல்லை. இன்று நம் தோட்டங்களில் அயல்நாட்டுப் பெர்மிட்டோடு நிற்கும் தொழிலாளிக்கும் இது பொருந்தும். நம் பாட்டனார் நின்ற இடத்தில்தான் அவன் நிற்கிறான்.

ஆகவே, நம் தொகுதி உறுப்பினர் எத்தனை விழாக்களுக்கு வந்தார் என்று எண்ணுவதோடு நில்லாமல், அவையில் எத்தனை கேள்விகள் கேட்டார், யாருக்காகக் கேட்டார் என்றும் எண்ணிப் பார்ப்போம். அந்தத் தகரப் பெட்டியிலுள்ள சிவப்பு அட்டைக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அதுவே.