அசையாமல் நிற்கும் குதிரை நிம்மதியாக இருக்கிறதா? கண்டுபிடிப்பது எப்படி?

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ கல்யாண சீசனில் மாலை நேரம் நடந்து போனால் இந்தக் காட்சி கண்ணில் படும். டோல் சத்தம், டிஜே, தெருவை அடைத்து ஆட்டம். நடுவே ஜிகினா துணி போர்த்திய வெள்ளைக் குதிரை மேல் மாப்பிள்ளை. பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கும் யாராவது ஒருவர் சொல்வார்: "ரொம்ப சாதுப்பா, அசையவே மாட்டேங்குது."

அசையாமல் நிற்கிற எல்லா குதிரையும் நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பயம், வலி, களைப்பு ஆகியவையும் சில சமயம் வெளியே அமைதி போலத்தான் தெரியும். இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது நம் பாதுகாப்புக்கும் நல்லது, குதிரைக்கும் நல்லது.

குதிரை ஏன் சட்டென்று மிரள்கிறது?

குதிரை வேட்டையாடும் விலங்கு இல்லை, வேட்டையாடப்படும் விலங்கு. ஆபத்து என்றால் முதலில் ஓடு, அப்புறம் யோசி என்பதுதான் அதன் இயல்பு. ஓட வழி இல்லாதபோதுதான் பெரும்பாலும் உதைக்கும், கடிக்கும்.

அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், தன்னைச் சுற்றி கிட்டத்தட்ட 350 டிகிரி வரை பார்க்க முடியும். ஆனால் நெற்றிக்கு நேர் எதிரே மிக அருகில் ஒரு சிறு பகுதியும், வாலுக்கு நேர் பின்புறமும் அதற்குத் தெரியாது. பின்னால் இருந்து வந்து தட்டினால் உதை விழ இதுதான் காரணம்.

முதலில் காதைப் பாருங்கள்

குதிரையின் காது கிட்டத்தட்ட 180 டிகிரி திரும்பும். அதன் கவனம் எங்கே இருக்கிறது என்பதைக் காதே சொல்லிவிடும்.

- இரண்டும் முன்னோக்கி நிமிர்ந்திருந்தால்: முன்னால் இருக்கும் ஏதோ ஒன்றைக் கூர்ந்து கவனிக்கிறது.
- பக்கவாட்டில் தளர்ந்து தொங்கினால்: ஓய்வாக இருக்கிறது.
- மாறி மாறித் திரும்பினால்: சுற்றியுள்ள சத்தங்களைக் கேட்கிறது. வேகமாக, நிற்காமல் திரும்பினால் பதற்றம்.
- பின்னோக்கி கழுத்தோடு ஒட்டியிருந்தால்: கோபம் அல்லது எச்சரிக்கை. உடனே விலகுங்கள்.

ஒரு சின்ன விஷயம். நம் ஊரின் மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளுக்குக் காது நுனி உள்நோக்கி வளைந்திருக்கும், சிலவற்றுக்கு இரண்டு நுனியும் தொட்டுக்கொள்ளும். அது இனத்தின் அமைப்பு. அதனால் நுனியை விட்டுவிட்டு, காதின் திறப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

கண், மூக்கு, வால், கால்

கண்ணின் வெள்ளைப் பகுதி அகலமாகத் தெரிந்து, தலை உயர்ந்து, மூக்குத் துளை விரிந்திருந்தால் பெரும்பாலும் பயம்தான். ஈ மொய்க்காமலேயே வாலைச் சுழற்றி அடித்தால் எரிச்சல். வாலைப் பின்னங்கால்களுக்கு நடுவே இறுக்கினால் பயம்.

பின்னங்கால் ஒன்றை லேசாக மடக்கி, குளம்பு நுனியை மட்டும் ஊன்றி நிற்பது சகஜம், ஓய்வெடுக்கிறது. ஆனால் முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தாலோ, முன்னால் நீட்டி அதில் எடை போடாமல் நின்றாலோ வலி இருக்கலாம்.

வலியைக் கண்டுபிடிக்கவே 2014இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒரு முக அளவுகோலை உருவாக்கினார்கள். விறைப்பாகப் பின்னோக்கிய காது, சுருங்கிய கண், கண்ணுக்கு மேல் இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாய், இறுகிய மூக்குத் துளை என ஆறு அடையாளங்களைக் கால்நடை மருத்துவர்கள் இதில் பார்க்கிறார்கள்.

அப்படியானால் 'சாதுவான' குதிரை?

ஓய்வெடுக்கும் குதிரையின் கண் பாதி மூடியிருக்கும், கழுத்து தளர்ந்திருக்கும், உதடு தொங்கும். யாராவது கூப்பிட்டால் ஒரு காதாவது திரும்பும்.

இன்னொரு வகை அமைதி உண்டு. கண் திறந்திருக்கும், பார்வை ஒரே இடத்தில் நிலைத்திருக்கும். காது அசையாது. கழுத்து முதுகின் மட்டத்தில் நீண்டு கிடக்கும். பிரான்ஸின் ரென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சவாரிப் பள்ளிகளின் 59 குதிரைகளைக் கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒன்று இப்படி ஒதுங்கிய நிலையில் இருந்தது. தொட்டால்கூட இவை குறைவாகவே எதிர்வினை காட்டின. மனிதர்களின் மனச்சோர்வோடு ஒப்பிடத்தக்க நிலையா இது என்று அவர்கள் கேள்வி எழுப்பினார்கள்.

டிஜே அலறும் தெருவில் ஒரு குதிரையின் காதுகூடத் திரும்பவில்லை என்றால், 'நல்லா பழக்கியிருக்காங்க' என்று முடிவு கட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனத்தைப் பொறுத்து குணம் மாறுமா?

ஓரளவுக்கு மாறும். மகாலட்சுமி பந்தய மைதானத்தில் ஓடும் தரோபிரெட் குதிரைகள் வேகத்துக்காகவே வளர்க்கப்பட்டவை, சட்டென்று கிளர்ச்சியடையும். மட்டக்குதிரைகள் பொதுவாக நிதானம். ஆனால் ஒரே இனத்துக்குள்ளும் ஒவ்வொரு குதிரையும் ஒரு ரகம். வளர்ப்பும் பழைய அனுபவமும் நிறைய மாற்றும்.

நம்மையும் அது படிக்கிறதா?

படிக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கோபமான மனித முகத்தின் படத்தைக் காட்டியபோது குதிரைகளின் இதயத் துடிப்பு வேகமாக உயர்ந்தது. நீங்கள் பதறினால் அதுவும் பதறும்.

மும்பையில் சட்டம் என்ன சொல்கிறது?

உல்லாசப் பயணத்துக்கான 'விக்டோரியா' குதிரை வண்டிகள் சட்டவிரோதம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2015 ஜூனில் தீர்ப்பளித்து, அவற்றை நிறுத்த ஓராண்டு அவகாசம் கொடுத்தது. 2021இல் அதே தோற்றத்தில் மின்சார வண்டிகள் வந்தன. எந்த வேலையில் இருக்கும் குதிரைக்கும் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். நோய், புண், முதுமை காரணமாகத் தகுதியில்லாத விலங்கை வேலை வாங்குவது அதன்படி குற்றம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- முதலில் குதிரைக்காரரிடம் கேளுங்கள். பிறகு பேசிக்கொண்டே, தோள்பட்டைப் பக்கமாகப் போங்கள்.
- மூக்கைத் தட்ட வேண்டாம். பிடரி முடியும் இடத்தில் மெதுவாகச் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது, அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவது ஆய்வில் தெரிந்திருக்கிறது.
- முகத்தருகே ஃபிளாஷ் வேண்டாம். பக்கத்தில் பட்டாசும் ஸ்பீக்கரும் வேண்டாம்.
- ஜூஹு கடற்கரையிலோ மாதேரானிலோ ஏறுவதற்கு முன் நடையைப் பாருங்கள். நொண்டினாலோ சேணத்தின் ஓரத்தில் புண் தெரிந்தாலோ ஏறாதீர்கள்.
- காயம்பட்ட குதிரையைப் பார்த்தால் குதிரைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், அவருடைய பிழைப்பும் அதில்தான். பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது.

அடுத்த ஊர்வலத்தில் மாப்பிள்ளையைப் படம் எடுக்கும் முன் ஒரு பத்து விநாடி அந்தக் காதுகளைப் பாருங்கள்.