கியூபெக் பாலமும் கானவாகே ஊரும்

கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில், கட்டி முடியாத கியூபெக் ரயில் பாலம் 1907 ஆகஸ்ட் 29 மாலை சரிந்தது. இறந்த 75 தொழிலாளரில் 33 பேர் கானவாகே ஊரின் மோஹாக் பூர்வகுடிகள். இரும்புத் தண்டுகள் வளைவது முன்பே தெரிந்திருந்தது. மேலும் பாரம் ஏற்ற வேண்டாமென நியூயார்க்கிலிருந்து பொறியாளர் கூப்பர் அடித்த தந்தி பாலத்துக்குப் போகவில்லை. பென்சில்வேனியாவிலிருந்த இரும்பு நிறுவனத்துக்குப் போனது.

மோஹாக்குகள் உயரத்துக்கு அஞ்சாதவர்களாம், பிறவிக் குணமாம்! பிறப்பைக் காட்டி ஆபத்தான வேலையை ஒரு சமூகத்தின் தலையில் கட்டும் இந்தப் புகழ்ச்சி நமக்குப் புதிதா, தோழர்களே?

1916-இல் மீண்டும் நடுப்பகுதி விழுந்து 13 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு ரயில் ஓடியது. கானவாகேயில் இரும்பு உத்திரங்களே கல்லறைச் சிலுவைகளாயின. ஊரின் ஆண்கள் எல்லாரும் இனி ஒரே பாலத்தில் ஏறக்கூடாதென்று பெண்கள் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள்.