நெஞ்சுவலிக்கு முதல் ஊசி எங்கே? அவசர சிகிச்சையில் கூட்டு முயற்சியும் நமது பங்கும்

சூலூரிலிருந்து கோவை அரசு மருத்துவமனைக்குத் திருச்சி சாலை வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர். ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர், ராமநாதபுரம் என்று நெரிசலைத் தாண்டித்தான் போக வேண்டும். மாரடைப்பு வந்தவருக்கு இந்தப் பயணத்தில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ரத்தக்குழாய் அடைபட்டிருக்கும் வரை இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும். இந்த நேர இழப்பை அரசோ தனியார் மருத்துவமனையோ தொண்டு அமைப்போ தனியாகக் குறைத்துவிட முடியாது.

108 கற்றுத் தந்தது

இலவச 108 ஆம்புலன்ஸ் சேவை 2005-ல் ஐதராபாத்தில் தொடங்கியது. தமிழகத்துக்கு 2008 செப்டம்பரில் வந்தது. பணம் அரசுடையது, வண்டிகளையும் கட்டுப்பாட்டு அறையையும் நடத்துவது ஒப்பந்தம் பெற்ற தனி அமைப்பு. அதைத் தொடங்கி ஆதரித்த சத்யம் நிறுவனத் தலைவர் 2009-ல் கணக்கு மோசடியில் சிக்கியபோது ஜி.வி.கே. குழுமம் பொறுப்பேற்றது, வண்டிகள் தொடர்ந்து ஓடின. தனிநபரை மட்டும் நம்பாமல், எழுத்து ஒப்பந்தமும் நிலையான நிதியும் இருந்தால் சேவை பிழைக்கும் என்பதற்கு இது சான்று.

கோவையில் பிறந்த திட்டம்

மாரடைப்பு சிகிச்சையில் கூட்டு முயற்சிக்கு நம் பகுதியே முன்னோடி. கோவை இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் அவரது குழுவினரும் கோவை, ஈரோடு வட்டாரத்தில் முன்னோட்டமாகச் செய்து பார்த்ததைப் பின்னர் தமிழகத்தில் 4 மண்டலங்களுக்கு விரிவுபடுத்தினர். சிறிய மருத்துவமனையிலேயே இ.சி.ஜி. எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடுவார்கள். பிறகு 108 வண்டியில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஆஞ்சியோகிராம் செய்வார்கள். ஏழைகளின் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது.

2,420 நோயாளிகளை வைத்து நடந்த இந்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. ஏற்கெனவே இருந்த மருத்துவமனைகளையும் வண்டிகளையும் காப்பீட்டையும் ஒன்றாக இணைத்ததில் கிடைத்த பலன் இது.

விபத்துக்கும் இதே வழி. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது கிடைக்கும்.

சமுதாய ஆம்புலன்ஸ்களின் இடம்

தமுமுக உள்ளிட்ட அமைப்புகள் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் நடத்துவதை நாம் அறிவோம். ஆனால் எல்லா ஆம்புலன்ஸும் ஒன்றல்ல. நோயாளியை ஏற்றிச் செல்ல மட்டுமான வண்டி, அடிப்படை உயிர்காப்பு வண்டி, வென்டிலேட்டர் கொண்ட உயர்நிலை வண்டி என்று அரசு விதிகளே பிரிக்கின்றன. பயிற்சி பெற்ற உதவியாளர் இல்லாத வண்டியில் மாரடைப்பு நோயாளியை ஏற்றுவது ஆபத்து. டயாலிசிஸ், வீடு திரும்புதல், ஜனாஸா போன்ற பயணங்களைச் சமுதாய வண்டிகள் ஏற்றால் அந்தத் தேவைகளுக்குத் தடையின்றி வண்டி கிடைக்கும். அவசரத்தை 108 பார்த்துக்கொள்ளும்.

சூலூர் பகுதி ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை:

1. அருகிலுள்ள எந்த மருத்துவமனையில் 24 மணி நேரமும் இ.சி.ஜி.யும், கட்டியைக் கரைக்கும் ஊசியும் உண்டு, எது காப்பீட்டுப் பட்டியலில் உள்ளது என்று நேரில் விசாரித்துப் பள்ளிவாசல் பலகையில் எழுதி வைக்கலாம்.

2. இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் மருத்துவர்களைக் கொண்டு சி.பி.ஆர். பயிற்சி தரலாம். இதயம் நின்றவருக்கு உடனே நெஞ்சை அழுத்தாவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

3. புதிய வண்டி வாங்கும் முன், ஓட்டுநர், உதவியாளர் சம்பளம், டீசல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஆண்டு முழுவதும் நிதி உண்டா என்று கணக்கிட வேண்டும்.

4. விசைத்தறி, நூற்பாலை உரிமையாளர்களுடன் பேசி, இரவு ஷிப்டிலும் முதலுதவி தெரிந்த ஒருவராவது இருக்க ஏற்பாடு செய்யலாம்.

விபத்தில் உதவினால் வழக்கு வருமோ என்று அஞ்ச வேண்டாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு நல்லெண்ணத்துடன் உதவுவோரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லும்படிகூட அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல் தெரிந்ததும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். காப்பீட்டு அட்டை, ஆதார், பழைய மருந்துச் சீட்டு மூன்றையும் ஒரே பையில் வைத்து, அது இருக்கும் இடத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.