நீர் இரசாயனத் தரவுச் சொற்றொகுதி

நீரில் அளக்கப்பட்ட பொருள் எது, அது எந்த வடிவில், எந்த அலகில், எந்த முறையில் அளக்கப்பட்டது என்பவற்றை ஐயத்துக்கு இடமின்றிக் குறிக்கும் பெயர்களின் தொகுப்பே நீர் இரசாயனத் தரவுச் சொற்றொகுதி. கடலாய்வில் வளர்ந்த இம்முறைக்கு, கடலைக் காணாத கண்டியும் உரிய களமே. பேராதனைப் பல்கலைக்கழகம், விவசாயத் திணைக்களம், ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் மூன்றும் இங்கே அருகருகே உள்ளன. நீர், மண் பற்றிய ஆய்வுகள் பல பத்தாண்டுகளாக இங்கிருந்து வெளிவருகின்றன. பேராதனை வளாகத்தை ஒட்டி ஓடும் மகாவலி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த கண்டி வாவியின் மாசு குறித்து, சி.பி. திசாநாயக்கவும் உடனாய்வாளர்களும் எழுதிய கட்டுரை 1982இல் வெளியானது. 1985இல் அவரும் எஸ்.வி.ஆர். வீரசூரியவும் இலங்கை முழுவதற்குமான நீர்ப்புவியிரசாயன வரைபடத் தொகுதியைக் கொண்டுவந்தனர். 1999இல் வாவியில் மைக்குரோசிஸ்ரிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி பெருகியது. இத்தகைய பெருக்கத்துக்குக் காரணம் தேடுபவர் பழைய பொசுபேற்று அளவுகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டே ஆகவேண்டும். அட்டவணையில் ‘பொசுபேற்று’ என்று மட்டும் இருந்தால் ஒப்பீடு அங்கேயே நின்றுவிடும். பொசுபரசாகக் கணக்கிட்ட 1 மில்லிகிராம், பொசுபேற்றாகக் கணக்கிட்டால் சுமார் 3.07 மில்லிகிராம். நீர் வடிகட்டப்பட்டதா, மேற்பரப்பில் எடுத்ததா, வாவியிலிருந்து மெத எல என்னும் ஓடை வெளியேறும் முனையில் எடுத்ததா என்பவையும் தெரிய வேண்டும்.

எதன் எடை என்று குறிக்காததன் விளைவு நைத்திரேற்றில் இன்னும் கடுமை. இலங்கையின் குடிநீர்த் தரநியமமான எஸ்.எல்.எஸ். 614, 1983ஆம் ஆண்டுப் பதிப்பில் லீற்றருக்கு 10 மில்லிகிராம் என்று எல்லை வகுத்தது. அது நைதரசனாகக் கணக்கிட்ட அளவு. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் 50 மில்லிகிராம் என்கிறது. இது நைத்திரேற்று அயனாகக் கணக்கிட்டது. எல்லை ஐந்து மடங்கு தளர்த்தப்பட்டதுபோல் தோன்றும். ஆனால் 10 மில்லிகிராம் நைதரசன் 44.3 மில்லிகிராம் நைத்திரேற்றுக்குச் சமம் என்பதால் உண்மையான வேறுபாடு சிறியதே. யாழ்ப்பாண, கிளிநொச்சிக் கிணறுகளின் நைத்திரேற்று மாசு பற்றி 1988இல் வெளியானது போன்ற ஆய்வுகளை இன்று எடுத்துப் படிப்பவர், முதலில் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, அது எதன் எடை என்பதைத்தான். சுண்ணக்கல் நிலத்தடி நீரையே குடித்து வாழும் ஊர்களுக்கு இது ஏட்டுச் சிக்கலாக நின்றுவிடாது: 30 என்ற எண் ஒரு கணக்கில் பாதுகாப்பு, மற்றொன்றில் எல்லையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

கடலாய்வாளர்கள் இதே தொல்லையைப் பெரிய அளவில் சந்தித்தனர். 1959 முதல் 1965 வரை நடந்த அனைத்துலக இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் பல நாட்டுக் கப்பல்கள் ஒரே கடலை அளந்தன. அக்காலத்திலேயே, 1961இல், யுனெஸ்கோவின் அரசிடைக் கடலியல் ஆணைக்குழு தரவுப் பரிமாற்றத்துக்கென ஓர் அமைப்பை நிறுவியது. பின்னர் அது பரப்பிய ஜீ.எஃப்.3 வடிவம் ஒவ்வோர் அளவைக்கும் ஒரு குறுங்குறியீடு தந்தது. வெப்பநிலைக்கும் உவர்த்தன்மைக்கும் அது போதியதாக இருந்தது, இரசாயனத்துக்குப் போதவில்லை. பிரித்தானியக் கடலியல் தரவு நிலையம் அக்குறியீடுகளிலிருந்து தொடங்கி விரித்த பீ01 என்னும் சொற்றொகுதியில் இன்று 40,000க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன.

பீ01இன் வலிமை அதன் கட்டமைப்பில் இருக்கிறது. ஒரு பதிவு, அளந்த பண்பு, அப்பண்புக்குரிய பொருள், அப்பொருள் இருந்த ஊடகம், அது கரைந்ததா துகளாக மிதந்ததா, தேவைப்படின் அளந்த முறை ஆகியவற்றை வரிசையாகச் சேர்த்து எழுதப்படுகிறது. நைத்திரேற்று என்றால் 14797-55-8 என்ற சீ.ஏ.எஸ். பதிவெண்ணும் உடன் வரும். எந்த மொழியில் படித்தாலும் பொருள் மாறாது. ‘வடிகட்டியதா என்று தெரியவில்லை’ என்பதைக் குறிக்கவும் அதில் இடம் உண்டு. பழைய தரவை மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் ஏற்கும் இந்த நேர்மையே அதன் மிகச் சிறந்த அம்சம்.

மலைநாட்டு ஆய்வுகள் லீற்றருக்கு மில்லிகிராமில் எழுதுகின்றன. கடலாய்வுகள் பெரும்பாலும் லீற்றருக்கு அல்லது கிலோகிராமுக்கு மைக்குரோமூலில் எழுதுகின்றன. பேராதனையில் 10 மில்லிகிராம் நைதரசன் என்று பதிவாகும் நீர், கடலாய்வாளரின் ஏட்டில் 714 மைக்குரோமூல். இந்த மாற்றம் எளிய கணக்கு. இடப்பெயர் அவ்வளவு எளிதன்று. 1976 முதல் பொல்கொல்லை அணைக்கட்டில் மகாவலி நீரின் ஒரு பகுதி சுரங்கவழியாக அம்பன் கங்கை வடிநிலத்துக்குத் திருப்பப்படுகிறது. ஆகவே கண்டி மாவட்டத்து நீர்மாதிரி ஒன்றுக்கு ‘மகாவலி’ என்று மட்டும் பெயரிட்டால், அது அணைக்கட்டுக்கு மேலே எடுத்ததா கீழே எடுத்ததா, 1976க்கு முந்தியதா பிந்தியதா என்பது தெரியாது. கொட்டியாரக் குடாவுக்கு மலைநாட்டிலிருந்து எவ்வளவு நைதரசன் போகிறது என்று கணக்கிட விரும்புபவருக்கு, பொருளின் பெயரோடு நிலையத்தின் பெயரும் ஆள்கூறும் திகதியும் அதே ஒழுங்கில் வேண்டும்.